நாற்பத்தேழாம் கம்பத்துக்கு வழி

கத்தியின் முனை இதழின் கம்பிப் பின்னுக்கு அடியில் நுழைந்தது. வளைந்திருந்த கால் நிமிர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டன. அடுத்த பின்னும் அப்படியே. பிறகு மெழுகு தேய்த்த நூல் கோத்த ஊசி. மடிப்பில் மூன்று துளை. நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுவில் நுழைந்து ஒரு முடிச்சு. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை அடுத்த இதழை எடுத்தது.

கிழக்கே கடல், மேற்கே உப்பளம். நடுவில், மரக்காணத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கிற இந்த ஊர்ப்புற நூலகத்தில், கம்பிப் பின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. துரு ஏறும், தாளைத் தின்னும், ஒருநாள் நடுப்பக்கம் தனியாகக் கழன்று படிக்கிறவர் மடியில் விழும். அதனால் இங்கே வருகிற எந்த இதழும் பின்னோடு மேசைக்குப் போவதில்லை.

"ஏனுங்க்கா."

வாசலில் குரல். கை நிற்கவில்லை.

"செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க."

"ஏனுங்க்கா, நான் இருக்கிற இடத்துக்கு என்னங்க பேரு?"

அப்போதுதான் கை நின்றது.

வைஜெயந்தி தலைநிமிர்ந்து பார்த்தாள். இந்த நூலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எட்டு மாத வயிறு. கையில் மடித்த அட்டை ஒன்று.

பத்திரிகை மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பாவாடை பேப்பரைத் தாழ்த்தினார். முப்பது வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். காலை பத்து மணிக்கு வந்தால் நூலகம் மூடும்போதுதான் எழுந்திருப்பார்.

"இன்னாம்மா இது, ஆளைப் பாத்தா வடக்கத்திப் பொண்ணு மாதிரி இருக்குது, பேச்சு கோயமுத்தூரா இருக்குது?"

"திருப்பூருங்க. ரெண்டு வருசம் பனியன் கம்பெனியில இருந்தேனுங்க."

பெயர் சபிதா பெஹரா. சொந்த ஊர் ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம். அங்கும் கடலோரம், அங்கும் உப்பளம். புருஷன் தனேஸ்வருக்கு இங்கே உப்பள வேலை கிடைத்து, தை மாதம் வந்திருக்கிறார்கள். உப்பளத்துக்கு உள்ளே, மேற்குக் கடைசியில், தகரக் கூரை போட்ட ஆறு ஷெட்டுகள். ஆறிலும் கஞ்சம் குடும்பங்கள். தமிழ் பேச வருவது சபிதாவுக்கு மட்டும். படிக்க அவளுக்கும் வராது, எண்கள் தெரியும்.

அட்டையை நீட்டினாள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அட்டை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, முகவரி தவிர.

"நர்ஸம்மா சொன்னாங்க. வலி வந்தா ஆம்புலன்ஸ் கூப்பிடோணும். எங்க இருக்கேன்னு அவங்க கேப்பாங்க. அதை எழுதி வாங்கிட்டு வான்னாங்க. இங்க எழுதறவங்க இருப்பாங்கன்னு வந்தேனுங்க."

பிறகு குரலை மாற்றாமலே மற்றதையும் சொன்னாள். போன வருஷம், இவர்கள் வருவதற்கு முன், மூன்றாவது ஷெட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தது. கூப்பிட்டவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் 'உப்பளம்' ஒன்றுதான். வண்டி வந்தது, வேறொரு உப்பளத்துக்கு. பிரசவம் வரப்பிலேயே ஆயிற்று. குழந்தை பிழைக்கவில்லை.

வைஜெயந்தி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அப்படியே வைத்திருந்தாள்.

அவள் பிறந்து வளர்ந்த ஊர் இது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஐந்து வருஷம் அந்த உப்பளத்திலேயே கூடை சுமந்தவள். பிறகுதான் நூலகச் சான்றிதழ் படிப்பு, இந்த நாற்காலி. புத்தகம் கட்டுவதை யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. நன்றாகக் கட்டிய ஒரு பழைய தொகுதியைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். உப்பளத்திலிருந்து ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. பாத்தியின் தரையை மிதித்து இறுக்கி முடித்ததும், கடைசி மூலையிலிருந்து திரும்பி நடந்து பார்ப்பார்கள்; போகும்போது தெரியாத பள்ளம் வரும்போது காலில் தட்டும். வைஜெயந்தி எதை எழுதினாலும் கடைசி வரியிலிருந்து மேலே படித்துச் சரிபார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஆறு ஷெட்டுகளின் பெயர் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் 'அந்தாண்ட' என்பார்கள். அதை எழுத முடியாது.

"ஐயா, அந்த ஷெட்டுங்க இருக்கிற இடத்துக்குப் பேர் என்னா?"

"அதுக்கு எதுக்குப் பேரு? பூவரச மரத்து ஸ்டாப்புல இறங்கி, பெரிய மதகு தாண்டி, மோட்டார் கொட்டகைக்கு மேலண்டைப் பக்கம். கண்ணைக் கட்டிட்டு வுட்டாக்கூட போயிடலாம்."

அப்படியே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று சபிதா சொன்னதால், பின்பக்கம் அதையும் எழுதி வாயாலும் சொன்னாள்: எந்தப் பஸ்ஸானாலும் ஏறி ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று கேட்டு இறங்கணும், இறங்கினால் எதிரே.

மறுநாள் பதினோரு மணிக்கு சபிதா வந்தாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. தண்ணீர்ப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அங்க ஆஸ்பத்திரி இல்லீங்க்கா. ஐஸ் விக்கறாங்க."

பாவாடை சிரித்துவிட்டார். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. அவருக்கும் வைஜெயந்திக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி அந்த இடத்தை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது ஐஸ் கம்பெனி. ஸ்டாப்புக்கு மட்டும் பழைய பெயர். கண்டக்டரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், இறங்குகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊரில் ஒருவர்கூட வழி தவறுவதில்லை.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"ரெண்டு மணி நேரமுங்க. திறப்பாங்கன்னு நெனச்சேன்."

வைஜெயந்தி நேற்று எழுதிய அட்டையைத் திருப்பி வாங்கிப் படித்தாள், கடைசி வரியிலிருந்து. மோட்டார் கொட்டகை இடிந்துபோய் ஆறு வருஷம். பெரிய மதகு இருந்த இடத்தில் சிமெண்டுக் குழாய் புதைத்துவிட்டார்கள். பூவரச மரம் எந்தப் புயலில் போனது என்று அவளுக்கே தெரியாது. மூன்று அடையாளம் சொல்லி, மூன்றும் இல்லாதவை. நிறைமாதக்காரி ஒருத்திக்குத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"மன்னிச்சிக்கோங்கம்மா" என்றாள்.

ஆனால் அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. இன்னும் எத்தனை இருக்கின்றன? அன்று மாலை வரை, வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டு, ஊரில் வழி சொல்லப் பயன்படுகிற பெயர்களைப் பட்டியல் எடுத்தாள். டாக்டர் வீட்டு முனை. சைக்கிள் கடை சந்து. இரட்டைப் பனை. டென்ட் கொட்டாய். பதினான்கு பெயர் தேறியது. அவற்றில் இன்றைக்குக் கண்ணால் பார்க்க முடிகிறவை மூன்று. இப்போது இல்லாத ஓர் ஊரின் வழியைத்தான் உள்ளூர்க்காரர்கள் இத்தனை நாளும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? நமக்குத் தெரியுதா இல்லையா?" என்றார் பாவாடை.

"நமக்குத் தெரியுதுங்கய்யா. ஆம்புலன்ஸ் ஓட்டுறவருக்கு?"

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. காலை ஆறரைக்கு வைஜெயந்தி சைக்கிளோடு வந்து, நூலகத்துக்கு எதிரே மேற்கே போகிற மண்சாலையில் நின்றாள். முன் சக்கரத்தின் காற்று அடைக்கிற வால்வில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏழடி. தள்ளிக்கொண்டே போய், நூல் மேலே வரும்போதெல்லாம் எண்ணினால் தூரம் கிடைக்கும். தனேஸ்வர் தன் வண்டியில் சபிதாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்க பாக்கிறதைச் சொல்லுங்க. நான் எழுதுறேன்."

மெதுவாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. வரப்பின் மேல் உப்பு அம்பாரங்கள், ஓலை போட்டு மூடியவை. வைஜெயந்தி முதல் அம்பாரத்தைக் குறித்துக்கொள்ளப் போனாள்.

"அது வேண்டாமுங்க்கா. லாரி வந்தா இருக்காது."

உப்பளத்தில் ஐந்து வருஷம் கூடை சுமந்தவள் தலையாட்டினாள். குறிப்பேட்டில் போட்ட கோட்டை அடித்தாள்.

சபிதா பார்த்தவை வேறு. சாலை திரும்பும் இடத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி. சிமெண்டுக் குழாயின் வாயில் யாரோ வெள்ளை அடித்து வைத்திருந்த வட்டம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் சாய்ந்த மின்கம்பம். அங்கேதான் ஆபத்து. இடதுபக்கப் பாதை அகலமாக இருக்கிறது. புதிதாக வருகிறவன் வண்டியை அதில்தான் விடுவான். அது இறால் பண்ணைக்குப் போகிறது. ஷெட்டுக்குப் போவது வலதுபக்கக் குறுகல் பாதை. இத்தனை வருஷம் அதில் போய்வந்தும் வைஜெயந்தி அது குறுகல் என்று கவனித்ததே இல்லை.

ஆயிரத்து நூறு சுற்றுகளுக்குக் கொஞ்சம் அதிகமாக வந்ததும் ஷெட்டுகள் தெரிந்தன. கடைசி மின்கம்பத்தின் நிழலில் சபிதா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சரி, எல்லாம் எழுதியாச்சு. பேர்தான் இல்ல" என்றாள் வைஜெயந்தி. "பாவாடை ஐயா ஆறு ஷெட்டுன்னு வைக்கச் சொல்றாரு. அடுத்த வருஷம் ஏழாவது கட்டினா மறுபடி அதே கதை. நீங்க உங்களுக்குள்ள என்னன்னு சொல்லிப்பீங்க?"

"நாப்பத்தேழுங்க."

"என்னது?"

சபிதா கம்பத்தைக் காட்டினாள். மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்தில் 47. சாலையிலிருந்து ஒன்று, இரண்டு என்று வரிசையாக வருகிற எண். போனில் பேசும்போது 'நாப்பத்தேழுல நிக்கறேன்' என்பார்களாம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், கம்பத்தை எண்ணிக்கொண்டே வா என்பார்களாம்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்க பேரு கேட்டீங்க. இது நம்பருங்களே."

வைஜெயந்தி சிரித்தாள். அப்புறம் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே நடந்து பார்த்தாள். பாதை பிரிகிற இடத்தில் நின்றாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது பிரிவாகவே தெரியவில்லை. திரும்புகிறவனுக்குக் குழப்பம் இல்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

படம் வரைய நான்கு நாள் ஆயிற்று. சார்ட் பேப்பரில் சாலை, தொட்டி, வெள்ளை வட்டம், சாய்ந்த கம்பம், நாற்பத்தேழு. ஓரத்தில் ரேஷன் கடை, அங்கன்வாடி, இப்போது இருக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி. மடிக்கிற படம் மடிப்பில்தான் கிழியும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தாளை எட்டுத் துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு நூல் இடைவெளி விட்டுக் காடாத் துணியில் ஒட்டினாள். மடங்குவது துணி மட்டும். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம். காய்ந்ததும் மேலே மெழுகுவத்தியைத் தேய்த்தாள், ஈரக்காற்றுக்கு.

"யாராவது ஊருக்கே புதுசா ஒரு ஆள் வேணும். படத்தைக் குடுத்து அனுப்பிப் பாக்கணும்" என்று அவள் சொன்னதற்கு, "உப்பளத்தைச் சுத்திப் பாக்க எவன் வருவான்?" என்றார் பாவாடை.

வந்தது நர்ஸ். அட்டையில் முகவரி எழுதியாயிற்றா என்று கேட்க ஸ்கூட்டரை நிறுத்தினாள். பெயர் ஜெனிதா; செஞ்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்.

"நானும் புதுசுதாங்க. வழி தெரியுமான்னு ஊருல ஒருத்தரும் கேக்கல. போன வாரம் சைக்கிள் கடை சந்துன்னு ஒரு வீட்டுக்கு அனுப்பினாங்க. அரை மணி நேரம் சைக்கிள் கடையைத் தேடினேன்."

பாவாடை பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

ஜெனிதா படத்தோடு போனாள். யாரையும் கேட்கக்கூடாது, தவறினால் தவறிய இடத்தைக் குறித்துவர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.

"ரெண்டு பாதை பிரியற இடத்துல மாட்டிக்கிட்டேன். சாய்ஞ்ச கம்பமே இல்ல."

"இருக்குதே. நாலு நாள் முன்னாடி பாத்தோமே."

"இப்ப எல்லாம் நேராத்தான் நிக்குது. ஒண்ணோட அடியில புது மண்ணு."

மின்சார வாரியத்து ஆட்கள் வந்து நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். புகார் கொடுத்தும் இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் இந்த வாரம்தான் வந்தார்களா என்று பாவாடை விழுந்து விழுந்து சிரித்தார். வைஜெயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. தானும் மறுபடி ஒரு பூவரச மரத்தைத்தான் நட்டிருக்கிறோம் என்று பட்டது. இடம்பெயர்கிற எதுவும் அடையாளத்துக்கு ஆகாது. பழுதுபார்க்கக்கூடிய எதுவும் ஆகாது.

அந்தத் துண்டை மட்டும் தண்ணீர் தொட்டுப் பிரித்தெடுத்து, புதிதாக வரைந்து ஒட்டினாள். பிரிவில் இருக்கும் கம்பத்தின் எண் 21. இறால் பண்ணைக்குப் போகிற கிளைக் கம்பங்களில் 21/1, 21/2 என்று இருக்கும். அதனால் படத்தில் ஒரே ஒரு வரி: 'எண்ணில் கோடு விழுந்தால் தவறான பாதை, திரும்பவும்.' அதோடு, அழிந்துபோயிருந்த ஒன்பது கம்பங்களின் எண்களைச் சபிதாவின் பக்கத்து ஷெட்டுக்காரர்களே ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கி எழுதிவிட்டார்கள்.

ஜெனிதா இரண்டாவது முறை போனாள். ஸ்கூட்டரில் ஒன்பது நிமிஷம். யாரையும் கேட்கவில்லை.

அந்தப் படம் நூலகச் சுவருக்கு. அடுத்ததை ஜெனிதா வாங்கிக்கொண்டாள். அட்டையின் முகவரிக் கட்டத்தில் 'நூலகம் எதிரே மண்சாலை, 47ஆம் மின்கம்பம்' என்று வைஜெயந்தி எழுதினாள். எழுதி முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து நூலக உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்து, அதிலும் அதையே எழுதினாள். ஷெட்டுக்காரர்கள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று அவள் யோசித்ததே கிடையாது. படிவத்தின் இரண்டாவது வரியே முகவரிதான்.

"எனக்குப் படிக்க வராதுங்களே."

"பாக்க வருமில்ல."

சபிதா அலமாரியை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கோலப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஷெட்டுகளிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு அங்கன்வாடி எங்கே என்று தெரியவேண்டும். மற்ற மூவரும் சுவரில் இருந்த படத்தின் முன் நின்று நாற்பத்தேழை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். வைஜெயந்தி மாவட்ட நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள்: ஒடியா மொழிப் பத்திரிகை ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை.

மூன்றாவது பிரதி ஆம்புலன்ஸ்காரர்களுக்கு. வியாழக்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாள். ஒட்டி, காயவைத்து, மெழுகு தேய்த்தாயிற்று. துணியின் ஓரம் பிரியாமல் சுற்றிலும் தைப்பதுதான் பாக்கி.

வியாழக்கிழமை இரண்டேகால் மணிக்கு ஜெனிதாவின் ஸ்கூட்டர் நூலகத்தைத் தாண்டி மண்சாலையில் இறங்கியது. நிற்கவில்லை, இரண்டு முறை ஹாரன் அடித்தாள். மருத்துவப் பை முன்னால் இருந்தது. பாவாடை பேப்பரை மடித்து வைத்தார்.

"தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுன்னாங்களே?"

வைஜெயந்தி மூன்றாவது பிரதியை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஊசியை வேகமாக ஓட்டினாள். ஒரு பக்கம் முடிந்தது. போன் அடித்தது, ஜெனிதா.

"வந்துட்டேன். நல்லா இருக்கா. ஆனா இங்க வெச்சிப் பாக்க முடியாது, குழந்தைக்குத் தலை மேல இருக்குது. வண்டிக்கு அவளே போன் பண்ணிட்டா. நான் வர்றதுக்குள்ள."

"என்ன சொன்னா?"

"லைப்ரரிக்கு எதுத்தாப்பல மண்ணு ரோடு, நாப்பத்தேழாம் கம்பம்னு. மூணு தடவை சொன்னாளாம்."

வைஜெயந்தி கடைசிப் பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது வடக்கே சைரன் கேட்டது. சத்தம் பெரிதாகி, வாசலில் வந்து அடங்கியது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இருபத்தெட்டு வயது இருக்கும். இந்தப் பக்கத்து முகம் இல்லை.

"நாப்பத்தேழாம் கம்பம்னு சொன்னாங்க. இந்த ரோடுதானா? உள்ள எப்படிப் போறது?"

பாவாடை எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். கை தன்னால் மேற்கே உயர்ந்தது.

"நேரா போயி அந்த மதகுல..."

நிறுத்தினார். கையை இறக்கினார்.

"என்னைக் கேக்காத தம்பி. நான் சொன்னா ஐஸ் கம்பெனியில போயி நிப்பே. அந்தம்மா கிட்ட வாங்கிக்க."

வைஜெயந்தி முடிச்சுப் போட்டாள். ஒருமுறைதான் இழுத்துப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடியே வெறுங்காலோடு சாலைக்கு வந்து, எட்டாக மடிந்த துணியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஒண்ணாம் கம்பம் இதோ. எண்ணிக்கிட்டே போங்க. இருபத்தொண்ணுல வலது. எண்ணுல கோடு விழுந்தா திரும்பிடுங்க."

டிரைவர் படத்தைப் பிரித்து ஸ்டியரிங் மேல் விரித்தார்.